சந்தாதாரர்கள் அதிகம் இருந்தும் சில தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சந்தை மதிப்பு ஏன் குறைவாக இருக்கிறது?

சந்தை மதிப்பைச் சந்தாதாரர் எண்ணிக்கையால் வகுத்துத் 'தலைக்கு இவ்வளவு' என்று பார்ப்பது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பார்க்கலாம், நானும் முதலில் அதைத்தான் போடுவேன். அதோடு நிறுத்தாமல், அந்தத் தொகையை ஒரு வாடிக்கையாளர் கட்டித் தீர்க்க எத்தனை வருடம் ஆகும் என்றும் போட்டுப் பாருங்கள். சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது.

தொலைபேசி வழியே (டயல்-அப்) இணைய இணைப்பு கொடுத்த அமெரிக்க நிறுவனமான ஏஓஎல் கதையை எடுத்துக்கொள்வோம். 2000 ஜனவரியில் ஊடக நிறுவனமான டைம் வார்னரோடு இணைவதாக அறிவித்தபோது அதற்கு 2 கோடிக்குச் சற்று அதிகமான சந்தாதாரர்கள். சந்தை மதிப்பு 16,000 கோடி டாலருக்கு மேல். தலைக்கு ஏழாயிரத்துச் சொச்சம் டாலர் வருகிறது. மாதக் கட்டணமோ 21.95 டாலர், வருடத்துக்கு 263. நிறுவனத்துக்குச் செலவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒருவர் முப்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட விடாமல் கட்டினால்தான் அந்த விலை கட்டுப்படியாகும். விளம்பர வருமானமும் இருந்தது, ஆனால் அதைச் சேர்த்தாலும் கணக்கு சகிக்கும்படி ஆகாது. டயல்-அப் இணைப்பை முப்பது வருடம் யார் வைத்திருப்பார்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் ஏஓஎல் சந்தாதாரர் எண்ணிக்கை உச்சம் தொட்டது 2002-ல், 2.6 கோடிக்கும் மேல். அதே ஆண்டுக்கு இணைந்த நிறுவனம் காட்டிய நஷ்டம் ஏறக்குறைய 9,900 கோடி டாலர். ஊதிப் பெருக்கிய மதிப்பைக் கணக்கிலிருந்து அடித்ததுதான் அதில் பெரும்பகுதி. 2015-ல் வெரைசன் ஏஓஎல்லை வாங்கியது 440 கோடி டாலருக்கு.

அப்புறம், விலகுபவர்கள். மாதம் 3 சதவீதம் பேர் போகிறார்கள் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஒருவர் சராசரியாக 33 மாதம்தான் தங்குகிறார் என்று அர்த்தம். 1 சதவீதம் என்றால் 100 மாதம். எண்ணிக்கையும் கட்டணமும் ஒன்றாகவே இருந்தாலும் மதிப்பு மூன்று மடங்கு மாறிவிடுகிறது. காலாண்டு அறிக்கையில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். நான் தேடுவது விலகல் விகிதத்தை.

கைபேசியில் எண்ணுவது ஆளை அல்ல, சிம்மை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மாத அறிக்கையில் மொத்த இணைப்புகளைத் தவிர, விஎல்ஆர் (நெட்வொர்க்கில் அப்போது செயல்படும் சிம்களின் பதிவு) அடிப்படையில் செயலில் உள்ளவற்றைத் தனியாகக் கொடுக்கிறார்கள். வகுப்பதற்கு அந்த எண்ணை எடுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் பெரும்பாலும் கடன்தான். சந்தை மதிப்பு என்பது கடன் கொடுத்தவர்களுக்குப் போக மிஞ்சும் பங்கு. 2018 ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தபோது 40 கோடிக்கும் அதிகமான இணைப்புகளோடு இந்தியாவில் முதலிடம். 2019 அக்டோபரில், எந்த வருமானத்தைக் கணக்கில் எடுத்து நிறுவனங்கள் அரசுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற ஏஜிஆர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது. அடுத்த மாதம் வோடஃபோன் ஐடியா அறிவித்த காலாண்டு நஷ்டம் 50,000 கோடி ரூபாய்க்கு மேல். அலைக்கற்றைக் கடனும் அரசு பாக்கியும் முன்னால் நிற்கும்போது, பங்குதாரருக்கு எத்தனை கோடி சந்தாதாரர் இருந்து என்ன? அதனால் கடனையும் கூட்டி வகுத்தால்தான் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட முடியும்.

2020 ஏப்ரலில் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸின் 9.99 சதவீதத்தை ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தபோது, கடனும் சேர்த்துச் சொல்லப்பட்ட மதிப்பு 4.62 லட்சம் கோடி. சந்தாதாரர் 38 கோடிக்கும் மேல், ஆக தலைக்குச் சுமார் 12,000 ரூபாய். ஒருவரிடமிருந்து வந்த சராசரி மாத வருமானம் அப்போது 130 ரூபாய் அளவில். ஏழெட்டு வருட ரீசார்ஜ். ஏஓஎல்லின் முப்பதோடு பார்த்தால் இது நிதானமான விலை. கட்டணம் ஏறும் என்ற எதிர்பார்ப்பும் அதற்குள் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 2021 டிசம்பரிலும் 2024 ஜூலையிலும் ஏற்றினார்கள்.