பெயர் இல்லாத கிராமபோன் மோட்டார் போலியா?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில், சாக்கில் கட்டிய மூன்று கிராமபோன் மோட்டார்கள் கிடைத்தன. பெட்டிகள் இல்லை. ஒன்றில் ‘காரார்ட்’ என்றும் இன்னொன்றில் ‘சுவிட்சர்லாந்தில் செய்தது’ என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. மூன்றாவதில் எழுத்தே இல்லை. அதில் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பாக்கள் இரண்டு உள்ளன. தாத்தாவிடம் இருந்தது கொலம்பியா நிறுவனத்தின் கிராமபோன் பெட்டி. கொலம்பியா பெயர் இல்லாததால் எல்லாம் போலி, இரும்பு விலைதான் என்கிறார் ஒரு தரகர். உண்மையா?

பதில்: உண்மையில்லை. பெட்டி செய்தவர் ஒருவர், மோட்டார் செய்தவர் வேறொருவர் என்பது அந்தக் காலத்தில் சாதாரணம். காரார்ட் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்துத் தொழிற்சாலை. கொலம்பியா, டெக்கா ஆகிய கிராமபோன் நிறுவனங்கள் அவர்களிடம் மோட்டார் வாங்கின. உங்கள் காரார்ட் தாத்தாவின் பெட்டியிலிருந்தே வந்திருக்கலாம். சுவிட்சர்லாந்து என்ற எழுத்தை மட்டும் வைத்துத் தயாரிப்பாளரைச் சொல்ல முடியாது. இசைப்பெட்டிகளுக்குப் பேர்போன செயின்ட் குரோவா ஊரிலேயே தோரன்ஸ், பையார் என்று இரண்டு பெரிய நிறுவனங்கள் மோட்டார் செய்தன.

எதையும் தொடும் முன் ஸ்பிரிங்கை முழுவதும் இறக்குங்கள். தடையை விடுவித்து, தானாக ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். சாவி ஏறியிருக்கும்போது கவர்னரை, அதாவது வேகத்தைக் கட்டுக்குள் வைக்க மூன்று குண்டுகள் சுழலும் அந்தத் தண்டை, கழற்றிவிடாதீர்கள். பிடிப்பு போனதும் சக்கரங்கள் வெறிபிடித்துச் சுழன்று பற்களைத் தின்றுவிடும். ஸ்பிரிங் டப்பாவின் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே சுருண்டிருப்பது பல அடி நீள எஃகுப் பட்டை, கையைக் கிழித்துவிடும்.

பிறகு அளவெடுங்கள். மேல்தகட்டின் திருகுத் துளைகளுக்கு இடையே உள்ள தூரம், இசைத்தட்டு அமரும் அச்சின் உயரமும் நுனி வடிவமும், சாவிக் கைப்பிடி நுழையும் துளையில் மரை இருக்கிறதா வெட்டு இருக்கிறதா என்பது: இந்த மூன்றும் பெயர்ப்பலகையைவிட நம்பகமானவை. ஒற்றை டப்பா என்றால் கையில் தூக்கிச் செல்லும் சிறு பெட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரட்டை டப்பா பெரும்பாலும் மேசைப் பெட்டிக்கோ நின்ற பெட்டிக்கோ உரியது. ஆகவே எழுத்தில்லாத உங்கள் மூன்றாவது மோட்டாரைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஸ்பிரிங்கின் அகலத்தை வைத்து மாடலைச் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். என் மேசைக்கு வருபவற்றில் அசல் ஸ்பிரிங்கோடு வருவது அபூர்வம். உடைந்தபோது உள்ளூர்க் கைவினைஞர் கிடைத்ததை வெட்டி, நுனியைக் காய்ச்சித் துளையிட்டு மாட்டியிருப்பார். அகலம் குறைந்த பட்டை டப்பாவுக்குள் தளர்வாக நிற்கும், மோட்டார் ஓடவும் ஓடும். ஆனால் அந்த அளவு மாடலுக்கு உரியது அல்ல. அளக்க வேண்டியது டப்பாவை; அதன் குறுக்களவையும் உயரத்தையும். டப்பாவே மாற்றப்பட்டிருந்தால்? அதையும் பார்த்திருக்கிறேன். அப்போது டப்பாவின் பல்வரிசை அடுத்த சக்கரத்தோடு முழு அகலத்துக்கும் பொருந்துகிறதா என்று கவனியுங்கள். ஓரத்தில் மட்டும் தேய்மானம் தெரிந்தால் அது ஒட்டுப்போட்ட மோட்டார்.

இப்போது தரகர். இரும்பு விலைக்கு வாங்கும் மோட்டார் எங்கே போகிறது தெரியுமா? புதிதாகச் சாயம் பூசிய எண்கோணப் பெட்டி, பளபளக்கும் பித்தளைப் புனல், மேலே நாய்ப் படம். நூற்றாண்டுப் பழமை என்று விற்கும் அந்த அலங்காரப் போலிகளுக்கு ஓடும் மோட்டார் வேண்டும். உங்களிடம் போலி என்று சொல்லி வாங்கியது அங்கே அசலாகிறது. அதைவிடக் கொடுமை, பெட்டிக்குப் பொருந்துவதற்காக மேல்தகட்டில் புதுத் துளை போடுகிறார்கள், அச்சை அறுக்கிறார்கள். அதன் பிறகு அதன் பூர்வீகத்தை யாராலும் கண்டறிய முடியாது.

நேர்மையாகப் பழுதுபார்ப்பவர்களோ வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங் தருவிப்பதற்குள் ஓய்ந்துவிடுகிறோம். அது என்ன பொருள் என்று ஒவ்வொரு முறையும் சுங்கத்துக்கு எழுதி விளக்குகிறேன். பார்சல் வாரக்கணக்கில் கிடக்கிறது. பித்தளைப் புனல்கள் தடையின்றி ஊரெங்கும் விற்கின்றன.

மண்ணெண்ணெயில் ஊறவைக்காதீர்கள், வண்ணம் பூசாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள். தேய்ந்த எண் ஏதேனும் இருந்தால் அழுக்குக்கு அடியில்தான் இருக்கும். மென்துணியால் துடைத்து, அடிப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அளவுகளோடு அனுப்புங்கள். அதுவரை மூன்றையும் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். ஒரு மோட்டாரின் திருகு இன்னொன்றின் கட்டுக்குள் போய்விடக் கூடாது.