ஜப்பானில் நான்காம் நாள் அழும் தங்கைக்கு

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் மாணவர் ஐக்கியத்திலிருந்து ஏழு பேர் மூன்று வார ஊழியத்துக்காக ஜப்பான் வந்திருக்கிறோம். ஃபுகுவோகா பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு வருடம் ஜெபித்து, சபை சபையாகப் போய்க் காணிக்கை கேட்டு வந்த பயணம் இது. வந்து நான்கு நாள் ஆகிறது. இங்குள்ள சபையில் பதினான்கு பேர்தான், எல்லோருமே தாத்தா பாட்டிகள். முதல் நாள் தோட்டத்தில் களை பிடுங்கினோம், மறுநாள் ஜன்னல் துடைத்தோம். மனப்பாடம் செய்து வந்த ஜப்பானிய வாக்கியங்களை ஒரு கடைக்கார அம்மாவிடம் சொன்னேன், அவர் முகமே மாறிவிட்டது. ரயிலில் கோரஸ் பாடினோம், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தங்கியிருக்கும் வீட்டில் குளித்து முடித்துத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அது வீட்டில் மற்ற எல்லோரும் குளிக்க வைத்திருந்த வெந்நீராம். குழுத் தலைவர் அண்ணன், பல்கலைக்கழக வாசலில் ‘இலவச ஆங்கில உரையாடல்’ என்று நோட்டீஸ் கொடுப்போம், சபை என்பதை முதலில் சொல்ல வேண்டாம் என்கிறார். எனக்கு மனது ஒப்பவில்லை. ஊரிலிருந்து ஜெபக்குழுவினர் ‘எத்தனை பேர் வந்தார்கள்?’ என்று தினமும் வாட்ஸப்பில் கேட்கிறார்கள். இரவானால் அழுகிறேன். கர்த்தர் என்னை அழைக்கவே இல்லையோ அக்கா?

(பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்றிரவே இந்தப் பதிலை உனக்கு அனுப்பிவிட்டேன். வரும் விடுமுறைகளில் உன்னைப் போலப் புறப்படப்போகும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று உன் சம்மதத்தோடு இங்கே அச்சிடுகிறோம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். அங்கே இரவு பதினொரு மணி என்றால் இங்கே ஏழரைதான். அம்மா விழித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அழுகை வந்தால் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. வாட்ஸப் குழுவுக்கு மறுநாள் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

குளியல் தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய், ஆனால் உன்னை அதிகம் அழவைப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் கணவரின் படிப்புக்காக நாங்கள் இரண்டு வருடம் கிதாக்யூஷுவில் இருந்தோம். நீ இருக்கும் ஃபுகுவோகா மாகாணத்து ஊர்தான் அதுவும். அந்த ஊர் வீடுகளில் சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுவதெல்லாம் தொட்டிக்கு வெளியே. சுத்தமான உடம்போடு வெந்நீரில் கொஞ்ச நேரம் அமிழ்ந்திருக்கத்தான் தொட்டி. அதே தண்ணீரில் வீட்டார் ஒவ்வொருவராக இறங்குவார்கள். மீதியை மறுநாள் துணி துவைக்க எடுத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. விருந்தாளி வந்தால் முதல் முறை அவருக்குத்தான், அதுதான் மரியாதை. அந்த வீட்டு அம்மா அன்றைய புது வெந்நீரை, தன் கணவருக்கும் முன்னால், ஊர் பேர் தெரியாத உனக்குக் கொடுத்திருக்கிறார். நீ அதைத் திறந்துவிட்ட பிறகு ‘தைஜோபு’, பரவாயில்லை என்று சொல்லியிருப்பார். அந்த ஊரில் என்ன நடந்தாலும் முதலில் வரும் வார்த்தை அதுதான். அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. பத்து தடவை மன்னிப்புக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம். ‘ஓஷியெதே குதசாய்’ என்று சொல். எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அர்த்தம். இன்று மாலை அவர் தொட்டியை நிரப்பும்போது பக்கத்தில் போய் நின்று அதைச் சொல். சூடு எப்படிப் பார்ப்பது, மூடி எப்படிப் போடுவது என்று காட்டித் தருவார்.

நீ மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியங்கள் எல்லாவற்றையும்விட இந்த இரண்டு சொற்கள் உனக்கு அதிகம் உதவும். ஆண்டவரே சமாரியா ஊர்க் கிணற்றடியில் அந்தப் பெண்ணிடம் முதலில் பிரசங்கம் செய்யவில்லையே, குடிக்கத் தண்ணீர்தான் கேட்டார். கேட்பவனாக அவர் நின்ற பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது. நீங்கள் ஏழு பேரும் கொடுப்பதற்காகவே வந்தவர்களாக அங்கே போய் இறங்கியிருக்கிறீர்கள். அந்தச் சபையார் உங்களுக்கு அறை ஒழித்து, படுக்கை விரித்து, சமைத்துப் போடுகிறார்கள். வாங்கிக்கொள்வதற்கும் ஒரு பணிவு வேண்டும். முதல் வாரம் முழுக்க அதற்கே செலவானால்கூட வீண் என்று நினைக்காதே.

கடைக்கார அம்மா முகம் ஏன் மாறியது தெரியுமா? நீ எந்த வாக்கியம் சொன்னாய் என்று எழுதவில்லை. ஆனால் இப்படிப் போகும் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதில் ‘நீங்கள் ஒரு பாவி’ என்பது அநேகமாக இருக்கும். பாவத்துக்கு ஜப்பானிய வேதாகமத்தில் வரும் சொல் ‘த்சுமி’. தெருவிலும் கோர்ட்டிலும் அதே சொல்லுக்குக் குற்றம் என்று பொருள். தன் கடையில் நின்றுகொண்டு ஒரு வெளிநாட்டுப் பெண் ‘நீங்கள் குற்றவாளி’ என்று சிரித்த முகத்தோடு சொன்னால் அந்த அம்மா என்ன செய்வார்? நம் தமிழிலேயே பார், ‘ஐயோ பாவம்’ என்றால் இரக்கம், ‘பாவி’ என்றால் திட்டு, பிரசங்க மேடையில் அதுவே வேறு ஒன்று. இதில் நீ தனியாக இல்லை. நம் முத்துக்குளித்துறை மக்களிடையே ஊழியம் செய்துவிட்டு 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் போய் இறங்கிய பிரான்சிஸ் சவேரியாரும் இதே இடத்தில் இடறினார். கடவுளுக்கு ‘தைநிச்சி’ என்ற சொல்லைச் சில காலம் பயன்படுத்தினார். அது ஒரு புத்தரின் பெயர் என்று பிறகுதான் அவருக்குப் புரிந்தது, மாற்றிக்கொண்டார். அவர் ககோஷிமாவிலிருந்து எழுதிய கடிதத்தில், ஜனங்கள் எங்களைப் பற்றி ஏதேதோ பேசுகிறார்கள், மொழி தெரியாமல் நாங்கள் சிலைகளைப் போல நிற்கிறோம் என்கிறார். சவேரியாரே சிலையாக நின்ற நாட்டில் நீ நான்கு நாள் நிற்பதற்கு ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறாய்?

உன் ஊருக்கு இன்னும் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார். டோனாவூருக்கு நீ எத்தனை முறை போயிருப்பாயோ. அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையார் நம் நாட்டுக்கு வருவதற்கு முன்னால் ஜப்பானுக்குத்தான் மிஷனரியாகப் போனார், 1893இல். மத்சுவே என்ற ஊரில் இருந்தார். ஒரு குளிர்நாளில் நோயாய்க் கிடந்த ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போகிறார். மொழிபெயர்க்க ஒரு ஜப்பானியப் பெண் கூடவே இருக்கிறார். மூதாட்டி கவனமாகக் கேட்டுக்கொண்டு வருகிறார். சொல்ல வேண்டியதைச் சொல்லும் நேரத்தில் அம்மையாரின் கையிலிருந்த, மிருக ரோமத்தால் செய்த கையுறைகள் அவர் கண்ணில் படுகின்றன. அவ்வளவுதான், இது என்ன, எதனால் செய்தது என்று பேச்சு கையுறைக்குப் போய்விட்டது. அன்று வீடு திரும்பிய அம்மையார் அந்த ஊர்ப் பெண்களைப் போல கிமோனோ உடுத்த ஆரம்பித்தார். பின்னால் நம் பக்கத்தில் அவர் சேலை உடுத்தியதற்கான பாடம் மத்சுவேயில் ஒரு நோயாளியின் படுக்கை ஓரத்தில் கிடைத்தது. இன்னொன்றையும் கேள். ஜப்பானில் அவர் ஏறக்குறைய பதினைந்து மாதம்தான் இருந்தார். உடம்பு முடியாமல் திரும்ப வேண்டியதாயிற்று. கணக்குப் பார்க்கிறவர்கள் அதைத் தோல்வி என்றுகூட எழுதியிருப்பார்கள்.

ரயிலில் கோரஸ் பாடியது உங்கள் ஏழு பேருடைய ரோமக் கையுறை. அந்த ஊரில் ரயிலுக்குள் போனில்கூடப் பேச மாட்டார்கள், வேலை முடிந்து வருகிறவர்கள் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். பாட்டைச் சபைக்குள் பாடுங்கள், பாட்டிகள் சந்தோஷப்படுவார்கள்.

இனி உன் குழுத் தலைவர் சொன்னது. உன் மனது ஒப்பாதது சரி. இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. 1995 மார்ச் 20 அன்று தோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழுவினர் சாரின் நச்சுவாயுவைப் பரப்பிப் பலரைக் கொன்றார்கள். அதிலிருந்து மதம் என்று யார் கதவைத் தட்டினாலும் ஜப்பானியர்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம். 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். தன் தாய் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மதக்குழுவுக்குப் பணத்தைக் கொட்டிக் குடும்பம் அழிந்ததே காரணம் என்று சுட்டவர் சொன்னார். அதன் பிறகு மிரட்டியும் ஏமாற்றியும் நன்கொடை வாங்குவதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. பல்கலைக்கழகங்கள் புதிதாகச் சேரும் மாணவர்களை எச்சரிக்கின்றன: மதம் என்று சொல்லாமல் மொழி வகுப்பு, விளையாட்டு, தொண்டு என்று கூப்பிடுகிறவர்களிடம் ஜாக்கிரதை என்று. அங்கே கல்வியாண்டு தொடங்குவது ஏப்ரலில். நீங்கள் போயிருப்பது மே மாதம். அந்த எச்சரிக்கை காதில் விழுந்து அதிக நாள் ஆகாத பிள்ளைகள் முன்னால் அதே மாதிரி நோட்டீஸோடு போய் நிற்பீர்களா? மூன்று வாரத்தில் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். ஏமாற்றிக் கூப்பிட்ட சபை என்ற பெயரை அந்தப் பதினான்கு பேரும் சுமக்க வேண்டும்.

ஆங்கில வகுப்பு தவறே இல்லை. எத்தனையோ ஜப்பானியச் சபைகள் நடத்துகின்றன. நோட்டீஸிலேயே சபையின் பெயர் இருக்கும், கடைசிப் பதினைந்து நிமிடம் வேதாகமம் படிப்போம் என்றும் போட்டிருக்கும். வர விரும்புகிறவர் தெரிந்தே வருவார். அண்ணனைக் குழுவினர் முன்னால் எதிர்த்துப் பேசாதே, அது அவரைப் பிடிவாதக்காரராக்கிவிடும். தனியாகக் கூப்பிட்டு, ‘அண்ணா, நோட்டீஸை அச்சடிக்கும் முன் போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோமா?’ என்று சொல். போதகரை அங்கே ‘சென்செய்’ என்பார்கள். தெருவில் எங்கே கொடுக்கலாம், எங்கே அனுமதி வேண்டும், எந்த வீட்டுத் தபால்பெட்டியில் போடக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் முடியாது என்றால் முடியாதுதான். நீங்கள் அவர் சபைக்கு வந்த விருந்தாளிகள்.

அந்தப் பதினான்கு பேரைப் பற்றி எழுதும்போது உன் பேனா கொஞ்சம் சலித்துக்கொண்டதைப் பார்த்தேன். அதைப் பேசியே ஆக வேண்டும். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மொத்த ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். ஞானஸ்நானம் எடுத்தவர் தன் வீட்டிலேயே ஒரே கிறிஸ்தவராக இருப்பது அங்கே சாதாரணம். நாங்கள் போன சபையில் ஒரு அம்மா ஒன்பது வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனார், ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஒருநாள் எனக்குக் காரணம் சொன்னார்கள். அவர் மூத்த மருமகள். வீட்டில் முன்னோர்களுக்கான புத்தப் பீடம் இருக்கிறது, கோயில் வளாகத்தில் குடும்பக் கல்லறை இருக்கிறது. தினமும் பீடத்துக்குச் சோறு வைப்பதும் கல்லறையைக் கழுவிப் பூ வைப்பதும் அவர் பொறுப்பு. ‘நான் போய்விட்டால் அவர்களை யார் பார்ப்பார்கள்? நான் செத்தால் என் சாம்பலை எங்கே வைப்பார்கள்?’ இதுதான் அவர் கேள்வி. நம் ஊர் கன்வென்ஷன் பந்தலில் விசுவாசிக்கிறேன் என்று கை தூக்குவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசி. உன் பதினான்கு பேரும் இப்படி ஏதோ ஒன்றைத் தாண்டி வந்தவர்களாக இருப்பார்கள்.

விடுமுறை நாள் கிடைத்தால் குழுவோடு நாகசாகி போய் வா, ஃபுகுவோகாவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிஷிசாகா குன்றில் 1597இல் இருபத்தாறு கிறிஸ்தவர்களைச் சிலுவையில் கொன்றார்கள். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவத்துக்குத் தடை. கிறிஸ்துவின் உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதிக்கச் சொல்லி ஆளைச் சோதித்தார்கள். குருவானவர் ஒருவரும் இல்லாமல், வேதாகமம் இல்லாமல், இருநூறு வருடத்துக்கும் மேலாக வீட்டுக்குள் முணுமுணுத்தே ஜெபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் அந்தப் பக்கத்துக் கிராமத்துச் சனங்கள். 1865 மார்ச் 17 அன்று, புதிதாகக் கட்டியிருந்த ஓவுரா ஆலயத்துக்கு உராகாமி கிராமத்திலிருந்து சிலர் வந்தார்கள். ஒரு பெண் பிரெஞ்சுக் குருவானவரிடம் மெதுவாக, எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றே என்றாள். அந்த ஆலயம் இன்றும் நிற்கிறது. உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. அந்த மண்ணில் பதினான்கு பேர் என்பது சின்ன எண்ணா என்று அப்புறம் எனக்கு எழுது.

ஜெபக்குழுவுக்கு என்ன பதில் போடுவது? உண்மையைப் போடு. ‘களை பிடுங்கினோம், ஜன்னல் துடைத்தோம், ஒரு வீட்டுத் தண்ணீரை வீணாக்கினேன், மன்னித்தார்கள். போதகருக்காகவும் பதினான்கு பேருக்காகவும் ஜெபியுங்கள்.’ காணிக்கை கொடுத்தவர்களுக்கு எண்ணிக்கை காட்டத்தான் வேண்டும் என்று உனக்கு யாரும் கடமை விதிக்கவில்லை. பொய்யான சாட்சி சொல்லக்கூடாது என்ற கட்டளை ஊழிய அறிக்கைக்கும் சேர்த்துத்தான். பாட்டிகளின் படத்தைக் கேட்காமல் குழுவில் போடாதே. அவர்களில் சிலர் சபைக்கு வருவது சொந்தக்காரர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

அழைப்பைப் பற்றிக் கேட்டாய். நான்கு நாளில் அதற்குப் பதில் தெரியாது தங்கச்சி. எனக்குத் தெரிவது, அந்தச் சபையில் களை பிடுங்க ஆள் தேவைப்பட்டது. எழுபது வயதுக்கு மேல் குனிந்து புல் பிடுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உன் ஆச்சியைக் கேட்டுப் பார். வெள்ளை நூல் கையுறை கொடுத்திருப்பார்களே, அதை மாட்டிக்கொண்டு நாளைக்கும் இறங்கு. இந்தத் தடவை ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கு. எந்த வருடம் முதன்முதலாக இந்தச் சபையின் படி ஏறினீர்கள், யார் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று கேள். மொழிபெயர்க்கப் போதகரின் மனைவியைக் கூப்பிட்டுக்கொள். அவர் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்பு, காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா