900 சிடியும் ஹார்டு டிஸ்கில் ஏறிவிட்டது, சர்வருக்கு 1.8 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: பணி ஓய்வு பெற்று மும்பை செம்பூரில் இருக்கிறேன். சுமார் 900 கர்நாடக இசை சிடிக்கள் வைத்திருக்கிறேன். மகன் எல்லாவற்றையும் ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாத டிஜிட்டல் வடிவம்) கோப்புகளாக மாற்றி ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டுக் கொடுத்திருக்கிறான். எந்த அறையிலிருந்தும் கேட்க வசதியாக ஒரு மியூசிக் சர்வர் 1.8 லட்சம் ரூபாய் சொல்கிறார்கள், 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ உண்டாம். இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டி) என்றால் 55,000. எஃப்டியை உடைத்து வாங்கலாமா? சிடிக்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?

பதில்: எஃப்டியை உடைக்காதீர்கள். சர்வரும் இப்போதைக்கு வேண்டாம். இந்த வாரமே அந்த ஹார்டு டிஸ்கை இன்னும் இரண்டு காப்பி எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று மகன் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருக்கட்டும். ஒவ்வொரு சிடியாகப் போட்டு எடுத்த உழைப்பு முழுக்க இன்று ஒரே டிஸ்கை நம்பி இருக்கிறது. அது கை தவறி விழுந்தால், எவ்வளவு விலை உயர்ந்த சர்வரும் பாட்டைத் திருப்பித் தராது.

ஒரு சிடி ஃப்ளாக்கில் பொதுவாக 300 முதல் 400 எம்பி வரும். 900 சிடிக்கும் 400 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆக, ஒரு டிபி டிஸ்க் தாராளம். இரண்டு டிஸ்கிலும் ஒரே பதிவு இருக்கும்படி நாஸை அமைத்தால், ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும், சரி. ஆனால் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும். அதைத் தனி காப்பி என்று நினைக்காதீர்கள். நாள் முழுக்க 20 வாட் இழுத்தால் மாதம் 14 யூனிட்டுக்கு மேல் ஆகும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலே வருடத்துக்கு 1,400 ரூபாயை ஒட்டி வரும்.

வீட்டில் பழைய லேப்டாப் சும்மா கிடந்தால் அதில் லிரியன் மியூசிக் சர்வரைப் போட்டுப் பாருங்கள். டிஸ்கில் உள்ள பாட்டை வீட்டு நெட்வொர்க் வழியே மற்ற அறைகளுக்கு அனுப்பும் இலவச மென்பொருள் அது. லேப்டாப் இல்லையா, ராஸ்பெரி பை என்ற சின்ன கணினி போதும். மின்சாரமும் 5 வாட் அளவில்தான்.

எதை வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கச்சேரி சிடி ஒன்றில் ராகம், தானம், பல்லவி தனித்தனி டிராக்காக இருக்கும். அதைக் கடையிலேயே போடச் சொல்லி, டிராக் மாறும் இடத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். அரை நொடி மௌனம் விழுந்தால்கூட வாங்காதீர்கள். தானத்தின் கடைசி வீச்சு பல்லவிக்குள் போகும் இடத்தில் அறுபட்டால் ரசிகருக்கு அது பெரிய வேதனை. இடைவெளியில்லாமல் பாடுவது விலையைப் பொறுத்ததல்ல, மென்பொருளைப் பொறுத்தது. இன்னொன்று: கோப்புகளை எப்போது வேண்டுமானாலும் வெளியே காப்பி எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

இப்போது இஎம்ஐ. நோ காஸ்ட் என்றாலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்தத் தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். வட்டி 15 சதவீதம் என்றால் உங்கள் கணக்கில் அந்த ஜிஎஸ்டி மட்டும் சுமார் 2,500 ரூபாய். பிராசசிங் கட்டணமும் இருக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கக்கூடிய தள்ளுபடியும் போய்விடும். எஃப்டி பக்கம் பார்த்தால், முன்கூட்டியே எடுத்தால் பல வங்கிகள் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் பிடிக்கும். அதே 1.8 லட்சம் 7 சதவீதத்தில் ஐந்து வருடம் கிடந்தால், வரிக்கு முன் சுமார் 2.5 லட்சம். சர்வரின் விலையோ வாங்கிய அன்றிலிருந்தே இறங்கும். ஓய்வுக்கால வருமானத்தில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஆறு மாதம் லேப்டாப்பில் கேட்ட பிறகும் தனிக் கருவி வேண்டும் என்று தோன்றினால், எஃப்டி முதிரும்போது அதன் வட்டியிலிருந்து வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரன்டியும் இல்லாமல் வாங்காதீர்கள்.

சிடிக்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். மழைக்கால ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் பல சமயம் சிடி பெட்டிக்குள் இருக்கும் உள்தாளில் மட்டும்தான் இருக்கும். இணையத்திலிருந்து தானாக வரும் விவரத்தில் வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்கள் விட்டுப்போவது சகஜம். மகனிடம் சொல்லி உள்தாள்களைப் படம் எடுத்து, அந்தந்த ஃபோல்டரிலேயே போட்டு வைக்கச் சொல்லுங்கள்.