வக்கீலம்மா பதில்கள்: கம்பெனி பெரிசு, கோர்ட் பக்கம்தான்

(மதுரையில் நுகர்வோர் வழக்குகள் நடத்தும் மூத்த வழக்கறிஞர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செல்போன், ஆப், வாட்ஸ்அப் பஞ்சாயத்து.)

கையால் முடிச்சுப் போட்ட சுங்குடிச் சேலைகளை ஒரு சமூக வலைதளப் பக்கத்தில் போட்டு விற்று வந்தேன். விளம்பரத்துக்கும் மாதாமாதம் பணம் கட்டினேன். ஆடித் தள்ளுபடி நேரத்தில் திடீரென்று பக்கத்தையே முடக்கிவிட்டார்கள். “விதிமுறைகளை மீறிவிட்டீர்கள்” என்று ஒரு வரி. எந்த விதி, எந்தப் படம் என்று சொல்லவில்லை. வழக்கென்றால் வெளிநாட்டு நீதிமன்றத்தில்தான் போட முடியும் என்று அவர்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?
– வாசகி, பழங்காநத்தம்

அம்மா, நீங்கள் அனுப்பிய பதில்களை வரிசையாகப் படித்தேன். ஒன்றுக்கொன்று கமாகூட மாறவில்லை. உங்கள் முறையீட்டை இதுவரை ஒரு மனுஷர் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசியாகப் போட்ட வீடியோவில் சாயத் தொட்டிக்குள் கையை விட்டு எடுக்கிறீர்கள், முழங்கை வரை சிவப்பு வழிகிறது. மெஷின் அதை ரத்தம் என்று நினைத்ததோ என்னவோ! இது என் ஊகம்தான். ஆனால் காரணத்தை ஊகிக்கிற நிலையில் உங்களை வைத்திருப்பதே தப்பு.

முதலில், ‘முறையீடு’ பொத்தானை அமுக்குவதை நிறுத்துங்கள். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் 50 லட்சம் பயனாளர்களுக்கு மேல் வைத்திருக்கும் சமூக ஊடகக் கம்பெனி, இந்தியாவில் குடியிருக்கும் ஒருவரைக் குறைதீர் அலுவலராக வைத்தாக வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் அவர்கள் தளத்திலேயே இருக்கும். நாலு கிளிக் தள்ளி ஒளித்து வைத்திருப்பார்கள், தேடி எடுங்கள். அவருக்கு எழுதுங்கள். 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். தாங்களாக ஒரு பதிவை நீக்கினால் முன்கூட்டியே காரணம் சொல்லி, மறுத்துப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த விதியின் எண்ணான 4(8)-ஐக் குறிப்பிடுங்கள். எண் போட்ட கடிதத்தைப் படிக்கிற ஆள் வேறு.

அவர் முடிவு பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 ஜனவரியில் மத்திய அரசு அமைத்த குழுக்கள் இவை. எல்லாம் ஆன்லைனில்தான், டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம்.

நுகர்வோர் ஆணையம் என்பது இன்னொரு வழி. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் சொல்லப்போவது எனக்கு மனப்பாடம்: “இவர் வியாபாரி, நுகர்வோர் இல்லை, சேவையும் இலவசம்.” இரண்டுக்கும் பதில் உண்டு. சுயதொழிலாகச் செய்து அதிலேயே பிழைப்பவர் வாங்கும் பொருளை வணிக நோக்கம் என்று தள்ள முடியாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. அந்த நியாயம் சேவைக்கும் பொருந்தும் என்று வாதாடலாம். இலவசம் என்ற வாதத்துக்கு நீங்கள் விளம்பரத்துக்குக் கட்டிய பணத்தின் ரசீது பதில் சொல்லும். அந்த ரசீதுகள்தான் உங்கள் வழக்கின் உயிர். மெயிலில் புதைந்து கிடக்கும், முதல் வேலையாக அச்செடுத்து வையுங்கள்.

வெளிநாட்டு நீதிமன்றப் பூச்சாண்டிக்குப் பயப்பட வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ புகார் கொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. 1986-ன் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ பிரச்சினை நடந்த ஊரையோ தேடி நாம் அலைந்தோம். இப்போது அவர்கள்தான் மதுரைக்கு வக்காலத்து அனுப்ப வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. ஒப்பந்தத்தையே ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று எதிர்ப்பதானால் மாவட்ட ஆணையத்தில் முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்கும் மதுரையில் அமர்வு இருக்கிறது.

ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெறும் படத்தைக் கொடுத்தால் “போட்டோஷாப் செய்தது” என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின்படி, மின்னணு ஆவணத்துக்கான 63-ஆம் பிரிவுச் சான்றிதழைச் சேர்த்தே கொடுங்கள். நோட்டீஸை மெயிலிலும் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் என்ன, நமக்கு வேண்டியது கையெழுத்தாகித் திரும்பும் அத்தாட்சி.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் அட்மின். ஒருவர் ஓர் அரசியல் தலைவரைப் பற்றிக் கேவலமாகப் போட்டுவிட்டார். “அட்மினைத்தான் முதலில் தூக்குவார்கள்” என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தூக்கம் போச்சு.
– வாசகர், செல்லூர்

தூங்குங்கள் சார். இதே கேள்வி 2021-ல் நம் உயர் நீதிமன்றக் கிளைக்கே வந்தது. கரூர் வழக்கறிஞர்கள் குரூப் ஒன்றில் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மினையும் எஃப்ஐஆரில் சேர்த்திருந்தார்கள். (ஆமாம், எங்கள் ஆட்கள் குரூப்பிலும் இதே கூத்துதான்.) நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அட்மினாக இருந்ததைத் தவிர வேறு எந்தப் பங்கும் இல்லையென்றால் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். பதிவு போட்டவரோடு சேர்ந்து திட்டம் போட்டிருந்தால் அது வேறு கதை.

அதே 2021 டிசம்பரில் இன்னொரு வழக்கு. ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போய், “துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலை பயணம்” என்று படத்தோடு முகநூலில் போட்டார். வாடிப்பட்டி போலீஸ் அதை வழக்காக்கி, ரிமாண்டுக்கும் கொண்டுபோனது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய மறுத்தார், பிறகு உயர் நீதிமன்றக் கிளை வழக்கையே ரத்து செய்தது. வேடிக்கையாகப் பேசும் உரிமையைப் பற்றி நீதிபதி எழுதிய அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். சட்டப் புத்தகத்தில் அபூர்வமாகத்தான் சிரிப்பு வரும்.

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் போடுவோம் என்று இன்னமும் யாராவது மிரட்டினால், அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே செல்லாது என்று சொல்லிவிட்டதைச் சொல்லுங்கள். அதற்காக, போட்டவரைக் கண்டிக்காமல் விடாதீர்கள். சட்டம் அனுமதிக்கிறது என்பதால் அசிங்கம் அழகாகிவிடாது.

மதுரை ஹைகோர்ட்டே டிக்டாக்கைத் தடை செய்தது. இப்படித் தடை போட்டால்தானே கம்பெனிகள் வழிக்கு வரும்?
– வாசகர், உசிலம்பட்டி

2019 ஏப்ரல் 3-ல் இடைக்காலத் தடை, ஏப்ரல் 24-ல் நீக்கம். கம்பெனி நல்ல வக்கீல்களோடு வந்தது, வாதாடியது, 3 வாரத்தில் கடையைத் திறந்தது. முதல் கேள்வி கேட்ட சுங்குடிக்காரப் பெண்மணிக்கு அதே 3 வாரத்தில் ஒரு மனுஷரின் பதில் கிடைக்கவில்லை. தடை கேட்பதைவிட இந்த வித்தியாசத்தைக் குறைக்கக் கேட்கலாம். 2020 ஜூனில் 59 ஆப்களில் ஒன்றாக மத்திய அரசே அதை மொத்தமாகத் தடுத்தது பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி. அது உங்கள் கேள்விக்குள் வராது.

டவுன்ஹால் ரோட்டில் மொபைல் சர்வீஸ் கடையில் வேலை செய்கிறேன். ஒரு கம்பெனி போனில் டிஸ்ப்ளே மாற்றினால், ஒரிஜினலே போட்டாலும், “பாகம் தெரியவில்லை” என்று எச்சரிக்கை வருகிறது. கஸ்டமர் என்னைத் திருடனைப் போல் பார்க்கிறார். ‘வெளியில் திறந்தால் வாரண்டி கிடையாது’ என்று ஷோரூமில் சொல்கிறார்கள். இது சட்டப்படி சரியா அக்கா?
– வாசகர், முனிச்சாலை

தம்பி, உன் கேள்விக்குப் பாதி பதில் கார்களிடம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் அடைத்து வைத்தார்கள் என்பதுதான் குற்றம். வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவு. அபராதத் தொகை மேல்முறையீடுகளில் இழுபட்டது. ஆனால் அந்த நியாயம் செல்போனுக்கும் பொருந்தும் என்று வாதாடலாம்.

மீதிப் பாதிக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கு துறைகளில் கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் விவரத்தைப் போட வேண்டும் என்பது யோசனை. கட்டாயம் இல்லை என்பதால் ‘போட வேண்டும்’ என்பதோடு நிற்கிறது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 வருஷம் உதிரிபாகம் கொடுத்தாக வேண்டும். அங்கே முடிவது இங்கே முடியாது என்று கம்பெனி சொன்னால், அதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

நீ செய்ய வேண்டியது பில். உங்கள் ரோட்டில் பாதிக் கடைகள் துண்டுச் சீட்டில் ‘டிஸ்ப்ளே’ என்று எழுதித் தொகையைப் போட்டு நீட்டுகின்றன. ஒரிஜினலா, கம்பாட்டிபிளா, கழற்றிப் போட்டதா என்று எழுது. எத்தனை நாள் கடை வாரண்டி என்று எழுது. பழைய பாகத்தை ஒரு கவரில் போட்டு அவர் கையிலேயே கொடு. அந்த எச்சரிக்கை வருமென்பதை வேலைக்கு முன்னாலேயே சொல்லி, பில்லில் கையெழுத்து வாங்கு. நாளை அவர் கம்பெனி மேல் வழக்குப் போட்டால் உன் பில்தான் முதல் ஆவணம். உன் மேல் போட்டாலும் அதுதான்.

ஆப்பில் காசு கொடுத்து வாங்கிய மின்புத்தகத்தை என் மகளுக்கு எழுதி வைக்க முடியுமா?
– வாசகி, திருமங்கலம்

பெரும்பாலும் முடியாது. நீங்கள் வாங்கியது படிக்கும் அனுமதியைத்தான். 2009 ஜூலையில் அமேசான், உரிமை இல்லாதவர் விற்றுவிட்டார் என்று சொல்லி, வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளுக்குள் புகுந்து ஒரு நாவலை அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். அந்த நாவலில் குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு பள்ளி மாணவன் தன் குறிப்புகளும் வீணாய்ப் போனதென்று வழக்குப் போட்டு, 1,50,000 டாலருக்குச் சமரசம் ஆனது. மகளுக்காக என்றால் அச்சுப் புத்தகம் வாங்குங்கள். பழந்தமிழ் நூல்கள் போதுமென்றால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் 1998 முதல் தன்னார்வலர்கள் ஏற்றி வைத்தவை இருக்கின்றன. இலவசம், யாரும் வந்து அழிக்க முடியாது. பெயரில் மட்டும்தான் மதுரை. அதைத் தொடங்கிய கல்யாணசுந்தரம் வாழ்ந்தது சுவிட்சர்லாந்தில்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் குரூப்பில் தினமும் ராத்திரி கம்பெனிகளின் அட்டகாசம் பற்றி விவாதம் நடக்கிறது. நானும் எழுதுகிறேன். மனைவி, “இதனால் ஒரு மயிரும் நடக்காது” என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், நரிமேடு

உங்கள் வீட்டம்மா சொல்வதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசிக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

2015-ல், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டத்தை முகநூல் நிறுவனம் ஒரு தொலைபேசி கம்பெனியோடு சேர்ந்து இங்கே கொண்டுவந்தது. பிறகு அதற்கு ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர். ஏழைக்கு இலவசம்தானே என்று கேட்டார்கள். எந்தத் தளம் இலவசம் என்பதைக் கம்பெனி முடிவு செய்தால், மீதித் தளம் எல்லாம் தெருக்கோடிக்குப் போகும் என்று இணையத்தில் உங்களைப் போலத்தான் ராப்பகலாகச் சண்டை போட்டார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. 2015 ஏப்ரலில் அதற்கு 10 லட்சத்துக்கு மேல் மெயில் போனது.

டிசம்பரில் டிராய் மறுபடி கருத்துக் கேட்டபோது முகநூல் சும்மா இருக்குமா? முழுப்பக்க விளம்பரம், போதாததற்குப் பயனாளர்கள் ஒரு பொத்தானைத் தொட்டால் ஆதரவுக் கடிதம் தானாகப் போகும் ஏற்பாடு. லட்சக்கணக்கில் போய்க் குவிந்தன. நாங்கள் கேட்ட குறிப்பான கேள்விகளுக்கு இவற்றில் பதில் இல்லையே என்று டிராய் சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரி 8-ல் வந்த ஒழுங்குமுறை, தளத்துக்குத் தளம் வேறு வேறு டேட்டா கட்டணம் வைப்பதைத் தடை செய்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய் அபராதம், உச்சவரம்பு 50 லட்சம். உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று அந்தத் திட்டத்தை இந்தியாவில் மூட்டை கட்டியது.

எதிர்த்தவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினார்கள், ஆதரித்தவர்கள் பலர் பொத்தானைத் தொட்டார்கள். உங்கள் குரூப்பில் வங்கியில் முப்பது வருஷம் சுற்றறிக்கை படித்தவர்கள் இருக்கிறீர்கள். ஒரு வரைவு விதியைப் படித்து, எந்தப் பத்தியில் என்ன ஓட்டை என்று எழுத உங்களைவிடத் தோதான ஆள் கிடைக்க மாட்டார்கள். டிராய், ரிசர்வ் வங்கி, நுகர்வோர் துறை எல்லாமே வரைவு போட்டுக் கருத்துக் கேட்கின்றன. கடைசித் தேதியும் மெயில் முகவரியும் அதிலேயே இருக்கும். ‘குட் மார்னிங்’ படங்களுக்கு நடுவே அந்தத் தேதியைப் பின் செய்து வைக்கும் பொறுப்பை உங்கள் வீட்டம்மாவிடம் கொடுங்கள். அவருக்குத்தான் பொறுமை கம்மி.