தோப்புக்கு ஒரு ஸ்பிரிங், குடோனுக்கு ஒரு ஸ்பிரிங்கா?

ஏர்சாஃப்ட் ஆட்டத்தைப் பற்றிச் சில மாதங்களாகக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் மாதிரித் துப்பாக்கிகளோடு இரண்டு அணியினர் மோதுவதும், குண்டு பட்டவர் தானே கையை உயர்த்தி வெளியேறுவதுமான இந்த ஆட்டம் ஜப்பானில் தோன்றியது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உதிரிபாகங்களை மாற்றுவது பற்றியவை. அவற்றில் நான்குக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கா.வே., பொள்ளாச்சி: ஒரு வாரம் ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பிலும் மறுவாரம் கோவையில் மூடிக்கிடக்கும் பஞ்சாலையின் குடோனிலும் விளையாடுகிறோம். என்னிடம் இருப்பது பேட்டரியில் இயங்கும் எம்4 வகைத் துப்பாக்கி. எம்100 ஸ்பிரிங், 363 மில்லிமீட்டர் உள்குழல், 0.20 கிராம் குண்டு. தோப்பில் எட்டவில்லை என்று எம்120 ஸ்பிரிங் போட்டேன். குடோனில் வேகம் அளந்தவர்கள் உள்ளே விட மறுத்துவிட்டார்கள். களத்துக்குக் களம் ஸ்பிரிங்கையும் குழலையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. தோப்பில் உங்கள் குண்டு எட்டாமல் போனதற்கு ஸ்பிரிங் காரணமே அல்ல என்பது என் கருத்து.

உங்கள் துப்பாக்கியில் மோட்டார் பல்சக்கரங்களைச் சுழற்றிப் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது, ஸ்பிரிங் அதை முன்னே தள்ளும்போது அழுந்தும் காற்றுதான் குண்டைச் செலுத்துகிறது. ஸ்பிரிங்கின் பெயரில் இருக்கும் எண், காற்றுக் கசிவில்லாத துப்பாக்கியில் 0.20 கிராம் குண்டு ஏறத்தாழ எத்தனை மீட்டர் வேகத்தில் வினாடிக்குப் பாயும் என்பதைக் குறிக்கிறது. எம்100 என்றால் 100 மீட்டர், அதாவது 328 அடி. ஆற்றலாகச் சொன்னால் 1 ஜூல். எம்120 போட்டால் அது 1.44 ஜூலாகிவிடும். ஆனால் இவ்வளவு ஆற்றலைக் கூட்டியும் தொலைவில் கிடைப்பது மிகச் சொற்பம், ஏனென்றால் இத்தனை இலேசான உருண்டையைக் காற்று மிக வேகமாகப் பிடித்து நிறுத்திவிடுகிறது. காற்றின் எதிர்ப்பை வைத்துக் கணக்குப் போட்டால், 120 மீட்டர் வேகத்தில் கிளம்பிய 0.20 கிராம் குண்டு ஐந்து மீட்டர் போவதற்குள்ளாகவே 100 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. பல்சக்கரங்களுக்கும் பிஸ்டனுக்கும் மோட்டாருக்கும் சுமையை ஏற்றி, குடோன் வாசலில் திரும்பி நிற்கவும் நேர்ந்து, நீங்கள் சம்பாதித்தது அந்த ஐந்து மீட்டர்தான்.

இனி உங்கள் தோப்பைப் பார்ப்போம். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பு என்று எடுத்துக்கொண்டால், வரிசையின் நேர்கோட்டில் ஐந்து மரம் தள்ளி நிற்பவர் 125 அடி, அதாவது 38 மீட்டர் தொலைவில் இருக்கிறார். ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு இது கடினமான தொலைவு, ஆனால் எட்டாத தொலைவு அல்ல. ஜப்பானில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 6 மில்லிமீட்டர் குண்டுக்கு ஒரு ஜூலுக்குச் சற்றே குறைவாகத்தான் ஆற்றல் இருக்கலாம். அந்த வரம்புக்குள் நின்றுகொண்டே அங்குள்ளவர்கள் 40 மீட்டருக்குக் குறிபார்த்துச் சுடுகிறார்கள். அவர்களுக்குக் கைகொடுப்பது ஹாப்-அப்.

உள்குழலின் தொடக்கத்தில் இருக்கும் ஹாப் ரப்பர், குண்டின் மேற்பகுதியை இலேசாக அழுத்தி, அதைப் பின்னோக்கிச் சுழலவிட்டு அனுப்புகிறது. அந்தச் சுழற்சி குண்டை மேலே தாங்குவதால்தான் அது தரையில் விழாமல் நெடுந்தூரம் மட்டமாகப் போகிறது. ஆகவே நீங்கள் முதலில் பணம் செலவழிக்க வேண்டியது ரப்பருக்குத்தான். துப்பாக்கியோடு வந்த ரப்பர் இறுகிப்போயிருந்தாலோ ஒருபக்கம் தேய்ந்திருந்தாலோ குண்டு இடதும் வலதுமாக வளையும். மாற்றும்போது ரப்பரின் மேல் சிலிக்கான் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் பிடிப்பு போய்விடும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் குழலையும் ரப்பரையும் துடைத்தால்தான் மீளும்.

அடுத்தது குண்டின் எடை. அதே 1 ஜூலில் 0.28 கிராம் குண்டு வினாடிக்கு 84.5 மீட்டர் வேகத்தில்தான் கிளம்பும். வேகம் குறைகிறதே என்று யோசிக்காதீர்கள். எடை கூடிய குண்டின் வேகத்தைக் காற்று மெதுவாகத்தான் தின்னும் என்பதால், ஏறத்தாழ 16 மீட்டர் தாண்டியதும் அது 0.20 கிராம் குண்டை முந்திவிடுகிறது. ஆனைமலையில் இது வேறொரு வகையிலும் முக்கியம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி பாலக்காட்டுக் கணவாயின் வாயில் குடியிருப்பவர்களுக்குப் புதிதல்ல. உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் சுழலும் அந்த மாதங்களில், வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 40 மீட்டர் போவதற்குள் 0.20 கிராம் குண்டை இரண்டரை மீட்டருக்கும் மேலாக ஒதுக்கித் தள்ளிவிடும். 0.28 கிராம் குண்டு அதே காற்றில் இரண்டு மீட்டருக்குள் நிற்கும். அதுவும் ஒதுங்கத்தான் செய்கிறது, ஆனால் அந்த அளவைக் கணித்துச் சுடலாம்.

குண்டின் எடையை மாற்றினால் ஹாப்பையும் மறுபடி அமைக்க வேண்டும். ஹாப்பை முழுவதும் தளர்த்திவிட்டு, ஒவ்வொரு குண்டாகச் சுட்டு, சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். குண்டு நெடுந்தூரம் மட்டமாகப் போய், முடிவில் மெல்லத் தாழ்ந்து விழுந்தால் அதுதான் சரியான இடம். பாதி வழியில் மேலெழுந்து தென்னங்குருத்தை நோக்கிப் போனால் ஹாப் கூடிவிட்டது என்று பொருள். அந்த இடத்தை ஹாப்பைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தின் மேல் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுக் குறித்துவைத்தால், அடுத்த வாரம் தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் எட்டவில்லையென்றால் கசிவைப் பாருங்கள். கியர்பாக்ஸைத் திறக்கும்போது சிலிண்டர், பிஸ்டன், குண்டுக்குப் பின்னால் காற்றைச் செலுத்தும் நாசில் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, நாசிலின் வாயை விரலால் அடைத்து, பிஸ்டனை உள்ளே தள்ளிப் பாருங்கள். பாதியிலேயே முட்டி நின்றால் அடைப்பு நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் பிஸ்டன் தலையின் ஓ-ரிங்கிலோ சிலிண்டர் தலையிலோ காற்று ஓடுகிறது. சில நூறு ரூபாய்க்குள் முடிகிற இந்த வேலையை விட்டுவிட்டுத்தான் பலர் ஸ்பிரிங் வாங்கப் போகிறார்கள்.

குடோனுக்கு வருவோம். அங்கே பெரும்பாலும் 10, 15 மீட்டருக்குள்தான் சுடுகிறோம். வேகமும் வேண்டாம், எடையும் வேண்டாம். உங்கள் பழைய எம்100 ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு, அந்தக் களத்தின் ஆற்றல் வரம்பு அதையும் ஏற்கவில்லையென்றால் மட்டும் எம்90 வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கியர்பாக்ஸ் பின்பக்க வழியாக ஸ்பிரிங்கைக் கழற்றக்கூடிய வகையாக இருந்தால் இது சில நிமிட வேலை. ஆனால் மேகசினையும் பேட்டரியையும் கழற்றி, பிஸ்டன் முன்னால் வந்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதை உறுதிசெய்த பிறகே ஸ்பிரிங்கைத் தாங்கும் கைடைத் திருக வேண்டும். இல்லாவிட்டால் அது முகத்துக்கு நேரே பாயும். மற்றபடி குடோனில் மாற்ற வேண்டியவை வெளியே இருப்பவைதான். தொலைநோக்கியை இறக்கிவிட்டுச் செம்புள்ளிக் குறியை மாட்டுங்கள், தோள்கட்டையைக் குறுக்கிக்கொள்ளுங்கள். 363 மில்லிமீட்டர் குழல் இரண்டு களங்களுக்கும் போதும்.

ஆர்.எஸ்., கணபதி, கோவை: 6.03 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள உள்குழல் ஒன்று வாங்கினேன். நீளம் அதிகமாக இருக்கிறது. எங்கள் சித்தப்பாவின் லேத்துப் பட்டறையிலேயே வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். குழலின் துளை சிறுத்தால் துல்லியம் கூடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பட்டறை கையருகே இருப்பதே கணபதிக்காரர்களின் வரமும் சாபமும். வெட்டலாம், ஆனால் மூன்று தாடைச் சக்கில் நேரடியாகக் கவ்விவிடாதீர்கள். இந்தப் பித்தளைக் குழலின் வெளிவிட்டம் சுமார் 8.5 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் ஒன்றேகால் மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே ஓடும் குண்டின் விட்டம் 5.95 மில்லிமீட்டர். ஆக, குண்டுக்கும் குழலுக்கும் இடையே இருப்பது மொத்தமே 0.08 மில்லிமீட்டர் இடைவெளி. சக்கின் தாடை கொஞ்சம் நெரித்தாலும் அந்த இடைவெளி போய்விடும், குண்டு அங்கேயே சிக்கும். சுற்றிலும் ஒரே சீராகக் கவ்வும் காலட்டில் பிடித்து, முகத்தைச் செங்குத்தாகத் தட்டையாக்கி, உள்விளிம்பை மிகச் சிறிதாகச் சரித்து, பிசிறை எடுத்துவிட்டுப் பருத்தித் துணியால் மெருகேற்றச் சொல்லுங்கள். விளிம்பில் ஒருபக்கம் பிசிறு நின்றால், வெளியேறும் காற்று குண்டை அந்தத் திசைக்கு எதிராகவோ சாய்வாகவோ தள்ளிவிடும். வெட்ட வேண்டியது வாய்ப்பக்கத்தை மட்டும்தான். ஹாப் ரப்பருக்கான வெட்டு இருக்கும் முனையைத் தொடவே கூடாது.

சிறுத்த குழல் துல்லியத்தைத் தருகிறது என்பதில் பாதிதான் உண்மை. அது காற்றை வீணாக்காமல் வேகத்தைச் சற்றுக் கூட்டும். துல்லியத்தைத் தருவது குழல் வளையாமல் நேராக இருப்பதும் உட்புற வழுவழுப்பும் ரப்பரும்தான். மலிவான 6.03 குழலைவிட நல்ல 6.05 குழல் மேல். தூசி பறக்கும் களத்தில் ஆடுகிறவர்களுக்கு அகலமான குழலே தொல்லை குறைவு.

இன்னொன்றையும் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். குழலின் நீளத்தை மாற்றினால் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். பக்கத்தில் துளையுள்ள சிலிண்டரில் பிஸ்டன் அந்தத் துளையைக் கடந்த பிறகுதான் காற்று அழுந்தத் தொடங்கும். அது குட்டைக் குழலுக்கானது. அதை நீண்ட குழலோடு சேர்த்தால் குண்டு வாயை அடைவதற்கு முன்பே காற்று தீர்ந்துவிடும். துளையில்லாத சிலிண்டரைக் குட்டைக் குழலோடு சேர்த்தால் மிஞ்சிய காற்று பின்னாலிருந்து பீறிட்டு, சத்தம்தான் கூடும். எடைமிகுந்த குண்டு குழலுக்குள் நெடுநேரம் இருப்பதால் அதற்குக் காற்றும் கூடுதலாகத் தேவை.

மு.தி., மேட்டுப்பாளையம்: என்னுடையது கேஸ் துப்பாக்கி. காலையில் கோத்தகிரியில் ஆடும்போது சோர்ந்துபோகிறது. அதே துப்பாக்கி மதியம் மேட்டுப்பாளையத்தில் வரம்பைத் தாண்டிச் சுடுகிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?

பதில்: பாகத்தில் குறையில்லை, கேஸின் குணம் அது. கிரீன் கேஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய் கலந்த புரோப்பேன். 15 டிகிரியில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 7 பார், 35 டிகிரியில் 12 பார். மலையிலிருந்து இறங்கினாலே ஆற்றல் ஏறிவிடுகிறது. கீழே ஆடும் நாளில் 134ஏ வகைக் கேஸைப் போட்டுப் பாருங்கள், 35 டிகிரியிலும் அதன் அழுத்தம் 9 பாருக்குள் இருக்கும். ஒரே கேஸோடு ஆடத்தான் வேண்டும் என்றால், காற்றோட்டத்தைத் திருகிக் குறைக்கும் வால்வுள்ள நாசிலை மாட்டுங்கள். கேஸ் துப்பாக்கிக்காக நான் சம்மதித்துப் பரிந்துரைக்கும் உதிரிபாகம் அது ஒன்றுதான்.

ஆட்டத்தில் எந்த எடைக் குண்டைப் போடுகிறீர்களோ அதே குண்டைக் கொண்டே வேகத்தை அளந்து, ஜூலாக மாற்றிப் பாருங்கள். கேஸ் துப்பாக்கியில் எடை கூடிய குண்டு குழலுக்குள் தங்கும் நேரத்தில் வால்வு இன்னும் கேஸை ஊட்டிக்கொண்டிருப்பதால், ஆற்றலும் சேர்ந்து கூடுகிறது. 0.20 கிராமில் வரம்புக்குள் நின்ற துப்பாக்கி 0.30 கிராமில் வரம்பு மீறியிருக்கும். நிரப்பிய மேகசினை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஒரு தாய், காங்கேயம்: கல்லூரியில் படிக்கும் என் மகன் இந்த ஆட்டத்துக்காகப் பாகங்கள் வாங்கப் பணம் கேட்கிறான். எங்கள் கொறங்காட்டில் நண்பர்களோடு ஆட வேண்டுமாம். அங்கே எங்கள் மாடுகள் மேய்கின்றன. இது சட்டப்படி சரியா? கண்ணுக்கு ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்து உண்டு அம்மா. ஒரு ஜூல் குண்டு உடம்பில் பட்டால் சிவந்து தடிக்கும், அவ்வளவுதான். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். எனவே பணம் கொடுப்பதானால் முதலில் கண்ணாடிக்குக் கொடுங்கள். சுற்றிலும் அடைத்து முகத்தோடு ஒட்டும் வகையாகவும், ஏஎன்எஸ்ஐ இசட்87.1 அல்லது ஈஎன்166 தரக்குறி உள்ளதாகவும் இருக்க வேண்டும். வெயில் கண்ணாடி உதவாது. கம்பிவலை முகமூடியை வாய்க்கும் பல்லுக்கும் போட்டுக்கொள்ளட்டும், கண்ணுக்கு அது வேண்டாம், ஏனென்றால் வலையில் மோதி உடைந்த குண்டின் சில்லு உள்ளே தெறிக்கும்.

கொறங்காட்டில் ஆடுவதை நான் விரும்பவில்லை. மக்கும் குண்டு என்று அட்டையில் எழுதியிருப்பவை பெரும்பாலும் பிஎல்ஏ என்னும் பொருளால் ஆனவை. அது விரைவாக மக்குவதற்கு 60 டிகிரியை ஒட்டிய சூடும் ஈரமும் உள்ள உரக்குழி வேண்டும். காங்கேயத்தின் காய்ந்த மண்ணில், கொழுக்கட்டைப் புல்லின் தூரில் அது நெடுநாள் அப்படியே கிடக்கும், மாடு புல்லோடு சேர்த்து மேய்ந்துவிடும். கிளுவை வேலிக்கு அப்பால் ஆளோ ஆடோ போவதும் தெரியாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளையும் மனத்தில் வைத்து, துப்பாக்கியையோ வெளிநாட்டுப் பாகத்தையோ வாங்குவதற்கு முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கோவை, திருப்பூர் மாநகருக்குள் இருப்பவர்கள் காவல் ஆணையர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். பதில் சாதகமாக வந்து மகன் ஆடத் தொடங்கினாலும், களத்துக்கு வெளியே துப்பாக்கி உறைக்குள்தான் இருக்க வேண்டும், மேகசினும் பேட்டரியும் தனியே இருக்க வேண்டும். அசல் போலவே தோன்றும் பொருளைப் பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ வெளியே தெரியும்படி எடுத்துப்போனால், பார்ப்பவர்களுக்கும் சோதனைச் சாவடியில் நிற்கும் காவலருக்கும் அது பொம்மையென்று தெரிய வழியில்லை.