வீட்டுக் காந்தமானி நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லுமா?

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் என் பொழுதுபோக்கு. கம்பிச்சுருள் சுற்றி ஒரு காந்தமானி செய்து, நிலநடுக்கத்துக்கு முன் வரும் சமிக்ஞையைப் பிடிக்க ஆசை. நடக்குமா? கைபேசியில் உள்ள சென்சாரே போதுமா?

பதில்: கைபேசியை விட்டுவிடுங்கள். பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா வரை. நீங்கள் தேடுவதோ அதன்மேல் ஓரிரு நானோடெஸ்லா அசைவு, பல சமயம் அதற்கும் குறைவு. கைபேசி சென்சாரின் சொந்த இரைச்சலிலேயே அது மூழ்கிவிடும்.

கம்பிச்சுருள் சரியான தேர்வு. ஆனால் மண்ணில் புதைத்து வையுங்கள். காற்றில் லேசாக ஆடினாலும் பூமியின் புலத்துக்குள் சுருள் திரும்பும். திரையில் அழகான 'முன்னறிகுறி' வரும்!

நசுங்கும் பாறையில் மின்னோட்டம் உண்டாவது ஆய்வகத்தில் பார்த்த விஷயம்தான்; மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலமும் இருக்கும். அந்தச் சமிக்ஞை பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து சேருமா என்பதில்தான் சண்டை. இந்தத் துறைக்கே உயிர் கொடுத்தது 1989 அக்டோபர் 17 அன்று கலிஃபோர்னியாவில் வந்த லோமா பிரியட்டா நிலநடுக்கம், அளவு 6.9. மையத்திலிருந்து சுமார் 7 கி.மீ. தள்ளி கோரலிட்டாஸில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆன்டனி ஃப்ரேசர்-ஸ்மித் குழு வைத்திருந்த கருவியில், அதிர்வுக்கு 3 மணி நேரம் முன்பு 0.01 ஹெர்ட்ஸ் (நூறு விநாடிக்கு ஓர் அலைவு) பக்கம் சமிக்ஞை எகிறியிருந்தது. இருபது வருஷம் கழித்து, 2009இல், பதிவுகளை மறுபடி அலசினார்கள். ஓர் ஆய்வு கருவிக் கோளாறு என்றது, இன்னொன்று இயல்பான புவிக்காந்தக் கலக்கம் என்றது. 2004இல் அதே மாநிலத்தின் பார்க்ஃபீல்டில் 6.0 அளவில் பூமி குலுங்கியபோது, கருவிகள் சூழ்ந்திருந்தும் தெளிவான முன்னறிகுறி எதுவும் பதிவாகவில்லை.

கோரலிட்டாஸில் இருந்தது ஒற்றைக் கருவி. சந்தேகம் தீராததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் நீங்கள் இரண்டு வையுங்கள், சில பத்து கி.மீ. இடைவெளியில், ஜிபிஎஸ் நேரத்தோடு. இரண்டிலும் ஒரே மாதிரி துள்ளினால் பெரும்பாலும் சூரியன் கிளப்பிய காந்தப்புயல். புவிக்காந்தக் கலக்கம் எவ்வளவு என்று காட்டும் கேபி (Kp) குறியீட்டைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் முதல் சந்தேகம் மின்ரயில், பம்புசெட், கேட்டைத் தாண்டும் லாரி மேல். எதை முன்னறிகுறி என்று எடுத்துக்கொள்வீர்கள் என்பதைக் கருவியை ஓடவிடும் முன்பே எழுதி வையுங்கள். நிலநடுக்கம் வந்தபின் தேடினால் ஏதாவது ஒரு மேடு கிடைக்காமல் போகாது.

உயிர்காக்கும் எச்சரிக்கைதான் நோக்கம் என்றால் காந்தமானி வேண்டாம். நடுக்கம் தொடங்கியதும் வேகமாக வரும் பி அலையைப் பிடித்து, பின்னால் வரும் வலுவான எஸ் அலைக்கு முன் சில விநாடிகள் தருகிற அமைப்புகள் உண்டு. அதற்கு அதிர்வுமானி போதும்; இந்த விஷயத்தில் கைபேசியில் அசைவை உணரும் முடுக்கமானியும் உதவும்.