காசு கொடுத்த புத்தகத்துக்கு ஏன் பூட்டு?

கேள்வி: பணம் கட்டி வாங்கிய மின்னூலைப் புது டேப்லெட்டில் திறந்தால், ‘சாதன வரம்பு முடிந்தது’ என்கிறது. அதே புத்தகத்தின் திருட்டு பிடிஎஃப் டெலிகிராமில் தாராளமாகச் சுற்றுகிறது. திருடுகிறவனைத் தண்டிக்காமல் என்னை ஏன் சந்தேகப்படுகிறார்கள் சார்? பூட்டை நானே உடைத்தால் தப்பா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். யாராவது ஒருவன் மின்னூலில் போட்டிருக்கும் டிஜிட்டல் பூட்டை உடைத்துப் பரப்பிவிட்டால், திருட்டுப் பிரதி படிக்கிறவர் அந்தப் பூட்டைப் பார்ப்பதே இல்லை. பில்லோடு வாங்கியவர்தான் அதோடு மல்லுக்கட்டுகிறார்.

தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவின்படி தெரிந்தே மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. ஆனால் ஆளைக் கண்டுபிடித்து, வழக்குப் போட்டு, நிரூபிக்க வேண்டும். அந்த அலைச்சலைவிடப் பூட்டுப் போடுவது கம்பெனிக்குச் சுலபம்.

இந்தப் பூட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மைக்ரோசாஃப்டே சாட்சி. 2019-ல் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்களும் சேர்ந்தே போயின. பணம் முழுதும் திரும்பக் கிடைத்தது. ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். குறிப்புகளுக்கும் விலை போட்டார்கள் பாருங்கள்! கலிஃபோர்னியாவில் 2025 முதல், கைக்கு வருவது சொந்தப் புத்தகம் இல்லை, படிக்கிற உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று பட்டன் வைக்கக்கூடாது.

சரி, உடைக்கலாமா? அதே பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. நீங்களே படிக்கத்தான் என்றால் அந்த ‘நோக்கம்’ உங்களுக்குச் சாதகம். ஆனாலும் கடையின் விதிகளை மீறியதாகச் சொல்லி உங்கள் கணக்கையே முடக்கிவிட்டால், மற்ற புத்தகங்களும் போச்சு. அதனால் அதில் இறங்காதீர்கள்.

முதலில் கணக்கில் சாதனப் பட்டியலைத் திறந்து, பழைய டேப்லெட்டை நீக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் பண்ணாமல், மெயிலாக எழுதுங்கள். நாளைக்கு ஆதாரம் வேண்டும். வாங்குமுன் சாதன வரம்பைப் பற்றி எங்கேயும் சொல்லவில்லையா? அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

அடுத்த முறை, ‘டிஆர்எம் இல்லை’ (அதாவது இந்தப் பூட்டு இல்லை) என்று போட்டு, ஈபப் என்கிற மின்னூல் கோப்பாகவே தருகிற கடை இருந்தால், பத்திருபது ரூபாய் கூடினாலும் அங்கேயே வாங்குங்கள்.